ஒட்டுச் சோப்பு

பாத்ரூம் தாழ்ப்பாள் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் துளசிமணிக்குச் சோப்பு ஞாபகம் வந்தது. அடுப்பில் பால், கையில் கரண்டி, நெஞ்சுக்குள் சோப்பு. ஐயோ, அதை மறந்தேவிட்டாளே. புதுச் சோப்பு வைக்காமல் இல்லை, வைத்தாள், ரோஸ் நிறத்தில், தாளைப் பிரித்ததும் வீடே மணக்கிற சோப்பு, பூபதி இதற்கென்றே கோயமுத்தூரில் வாங்கிக்கொண்டு வந்தது. வைத்தவள் அதோடு திரும்பி வந்திருக்கக் கூடாதா? காலையில் ஐந்தரை மணிக்கு, தூக்கம் முழுசாகக் கலையாத நேரத்தில், சோப்பு டப்பாவின் மூலையில் தேய்ந்து கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, ரெண்டையும் நனைத்து, புதுசின் முதுகில் வைத்து அமுக்கி ஒட்டிவிட்டது இந்தக் கை. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கேட்காமல் செய்கிற வேலை, இன்றைக்கு மட்டும் கேட்குமா? இப்போது அந்தப் பாத்ரூமுக்குள் நிற்பது கிருஷ்ணவேணி, பூபதிக்குப் பேசியிருக்கிற தாரணியின் அம்மா. மாப்பிள்ளை வீடு பார்க்கவென்று புருஷனோடு காரில் வந்து இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, "கை கால் கழுவிட்டு வந்தர்றனுங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இந்த வீட்டைப் பார்த்துவிட்டு இவர்கள் என்ன முகத்தோடு திரும்பிப் போகிறார்களோ அதில்தான் கல்யாணம் இருக்கிறது. பூபதியோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு வருஷத்துப் பேச்சு ஒரு பச்சைத் துண்டில் வந்து நிற்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவன்தான் ஆரம்பித்தான். நல்ல பிள்ளை, வாய் தடித்து ஒரு சொல் பேசியது கிடையாது. நேற்று மட்டும் வந்ததும் வராததுமாக ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று பார்த்தான், ஜப்தி செய்ய வந்தவன் மாதிரி. "ஏம்மா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதையெல்லாம் எடுத்து வெச்சரலாமா? தாரணி அம்மா ரொம்ப நுணுக்கமாப் பாப்பாங்களாம். ஒண்ணையும் விடமாட்டாங்களாம். அவளே சொன்னா." எதையெல்லாம் என்று இவள் கேட்கவில்லை. அவனே சாக்கை எடுத்துக்கொண்டு வந்தான், அவன் அப்பா சென்னியப்பன் பனியன் கம்பெனியிலிருந்து வெட்டுத் துணி கட்டிக்கொண்டு வருகிற அதே சாக்கு. குறுக்கே வெட்டி உள்ளே வழித்துக்கொண்டிருந்த பேஸ்ட் ட்யூப் போனது. கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தியிருந்த எண்ணெய்ப் பாக்கெட் போனது. கடைசிச் சொட்டு இறங்கியதும் அந்தப் பாக்கெட்டைப் பிளந்து உள்பக்கத்தைச் சப்பாத்தி மாவால் துடைத்தெடுத்தால் அன்றைக்கு மாவுக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம், அது அவனுக்குத் தெரியாதா, எத்தனை சப்பாத்தி தின்றிருப்பான். குழாய்க்கு அடியில் வைக்கிற பெயிண்ட் டப்பா, வெட்டுத் துணியில் பின்னிய கால்மிதி, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கட்டு, எரிந்த தீக்குச்சி டப்பா. ஓர் அடுப்பு எரியும்போது அடுத்ததைப் பற்றவைக்க எரிந்த குச்சி போதாதா, அதற்கு ஒரு புதுக் குச்சியா? கடைசியில் அலமாரிக்கு மேலிருந்து அந்தத் தாள் கட்டு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ஒரு பக்கம் தேதி, பின்பக்கம் வெள்ளை. பூபதி ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அதில்தான் கணக்குப் போட்டுப் பழகினான். பென்சில் கட்டையானால் காலிப் பேனாக் குழலில் சொருகிக் கொடுப்பாள், கையில் பிடிக்க வாகாக இருக்கும், மூக்கு தேய்கிறவரைக்கும் எழுதுவான். இந்த வீட்டில் அவள் எடுத்து வைத்திருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஓர் உபயோகம் உண்டு, அந்தக் கட்டுக்கு மட்டும் கிடையாது. ரெண்டு பக்கமும் தீர்ந்த தாள், எதற்கும் ஆகாது. போகிக்கு எரிக்கலாம் என்று வருஷா வருஷம் கீழே எடுப்பாள், மறுபடி மேலேயே வைத்துவிடுவாள். அதை என்னவென்று பிரித்துக்கூடப் பார்க்காமல் சாக்கில் போட்டான். சாக்கு பரணுக்குப் போனது. "கோவிச்சுக்காதம்மா" என்றான். "எதுக்குச் சாமி கோவம்" என்றாள். கோபம்தான். இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

உள்ளே தண்ணீர் விழ ஆரம்பித்தது. அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர், அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது, இரைச்சல் அப்படி. கால் நனைக்க இவ்வளவு வேண்டாம், பாதித் திருகினால் போதும், ஆனால் வந்த இடத்தில் அதை யார் பார்ப்பார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், வீட்டில் போர்வெல் ஓடுமாயிருக்கும். பால் ஓரத்தில் நுரை கட்டியது. கை தானாகப் போய் அடுப்பை அணைத்துத் தட்டத்தால் பாலை மூடியது. பொங்குகிறவரைக்கும் எரியவிட வேண்டியதில்லை, கொஞ்சம் முந்தியே நிறுத்தினால் பாத்திரத்துச் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பருப்புக்கும் அப்படித்தான், சோற்றுக்கும் அப்படித்தான். அணைத்த பிறகுதான் உறைத்தது, சம்பந்தி வீட்டுக்காரருக்குக் காபி ஆறிப்போய்க் கொடுத்தால்? இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இன்றைக்கு இதுவே அவளுக்குச் சத்துரு. மறுபடி பற்றவைக்கலாமா? தீப்பெட்டிவரைக்கும் போன கை நின்றது. அந்த அம்மா வெளியே வரட்டும், அப்புறம் பார்க்கலாம். கூடத்தில் தாரணியின் அப்பா சென்னியப்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தார், "இங்க நல்ல தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" "எட்டு நாளுங்க. சில சமயம் பத்தாகும்" என்றார் இவர். உண்மையைச் சொல்லிவிட்டாரே மனுஷன். நாலு என்று சொல்லியிருக்கலாம். பூபதி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான், முழங்காலில் கை வைத்து, பரீட்சை எழுதப் போனவன் மாதிரி.

எட்டு நாள் இப்போது பெரிதா? கல்யாணமாகி வந்தபோது லைன் வீடு, எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். இருபது குடம் பிடித்தால் அதுதான் பதினைந்து நாளும். அப்போது கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வறட்சிதான் சொல்லிக்கொடுத்தது. அரிசி கழுவின தண்ணீரில் கீரை அலசலாம், கீரை அலசின தண்ணீரில் பாத்திரத்தின் முதல் பிசுக்கு போகும், அது போய் முருங்கைக்கு விழும். ஒரே தண்ணீர் நாலு வேலை பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டை விட்டு வெளியே போகும். பக்கத்து வீடுகளில் பதினோராம் நாள் சண்டை வரும், குடத்துக்கு அடிதடி நடக்கும். இவள் வீட்டில் பதினைந்தாம் நாள் ஒன்றரைக் குடம் மிச்சமிருக்கும். மூன்றாம் வீட்டுப் பிரசவத்துக்கு அந்த ஒன்றரைக் குடத்தைத்தானே தூக்கிக்கொண்டு ஓடினாள், பிள்ளை பிறந்து முதல் குளியல் இவள் மிச்சம் பிடித்த தண்ணீரில். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு ஒரு சுற்று பெருக்கிறது. கம்பெனி நாலு மாசம் மூடிக் கிடந்த வருஷமும் அப்படித்தான், லைனில் ஏழு வீடு அடுத்தவர் வாசலில் கிண்ணத்தோடு நின்றது, இவள் நிற்கவில்லை. இந்த ரெண்டேகால் சென்ட் இடம், இந்தக் கூடம், அந்தப் பாத்ரூமில் ஒட்டியிருக்கிற வெள்ளை ஓடு, எல்லாம் எங்கிருந்து வந்தது? சென்னியப்பனின் ஓவர்லாக் தையல் மிஷின் பாதி. மீதிப் பாதி பேஸ்ட் ட்யூபிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் வழித்தது. பாத்ரூம் ஓடுகளைச் சோப்புத் துண்டுகள் வாங்கின என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே.

சத்தம் சட்டென்று மெலிந்தது. தொட்டி காலியா? காலையில்தானே மோட்டார் போட்டது, அரைத் தொட்டியாவது இருக்க வேண்டுமே. அந்த அம்மா சோப்பு நுரையோடு நிற்கிறபோது தண்ணீர் நின்றுபோனால்? ஐயையோ, கையில் நுரை, பார்வை சோப்பின் மேல். ஆனால் தண்ணீர் நிற்கவில்லை, நூலாக விழுந்துகொண்டிருந்தது. அப்படியானால் சோப்புப் போடுகிறாள். இப்போது எடுத்திருப்பாள். திருப்பிப் பார்த்திருப்பாள். ரோஸுக்கு முதுகில் பச்சை. என்ன நினைப்பாள்? கஞ்சம் என்று நினைப்பாள், வேறென்ன. இந்த வார்த்தையை நாத்தனார் மரகதம் வாயால் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது, "துளசி வீட்டுல வீசற காத்தைக்கூட மடிச்சுப் பொட்டியில வெச்சுக்குவா" என்று இந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியிலேயே உட்கார்ந்து சொன்னவள். அந்தப் பந்தியில் சோறு போட்டது யார்? மரகதத்தின் மகளுக்குக் காலேஜ் சேர அவசரமாக வேண்டியபோது நெல்லிக்காய் டப்பாவுக்குள்ளிருந்து பணம் எடுத்துக் கொடுத்தது யார்? சிக்கனம் வேறு, கஞ்சம் வேறு. கஞ்சம் அடுத்தவர் வயிற்றில் கை வைக்கும். இந்த வீட்டுக்கு வந்தவர் யாரும் ஒரு வாய் தின்னாமல் போனதில்லை, இலையில் போட்டதை அளந்து போட்டதில்லை. வீணாய்ப் போகிறதைத்தான் அவள் பிடித்து நிறுத்தினாள், வயிற்றுக்குப் போகிறதை அல்ல. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சோப்பு இதையெல்லாம் சொல்லுமா?

வேலைக்காரி ஒட்டிவிட்டாள் என்று சொல்லிவிடலாம். சொல்லலாம்தான், நல்ல சாக்கு. "எங்க வீட்டு வேலைக்காரம்மா இப்படித்தானுங்க, எதையாச்சும் ஒட்டி வெப்பா." எந்த வேலைக்காரம்மா? இந்த வீட்டுக்குள் துடைப்பத்தைத் தொட்ட கை இவள் கை ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பெண் வந்து எங்கே அத்தை அந்த வேலைக்காரம்மா என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்புப் போய் வேறென்னவோ வந்தது. தான் செய்ததை இல்லாத ஒருத்தியின் தலையில் கட்டப் பார்த்தாளே, அதுதான் வெட்கம். சோப்பு ஒட்டினது வெட்கமில்லை. நேற்று அந்தச் சாக்கின் வாயைக் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தாளே, அது வெட்கம். பெற்ற பிள்ளை கேட்டான் என்று கொடுத்தாள், சரி. அவன் ஒரு நாள் மட்டும் என்றான். ஆனால் தாரணி இந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கா வருகிறாள்? இன்றைக்கு மறைத்தால் நாளைக்கும் மறைக்க வேண்டும், அப்புறம் சாகிறவரைக்கும் தன் வீட்டுக்குள்ளேயே பேஸ்ட் ட்யூபை ஒளித்து ஒளித்து வழிக்க வேண்டும். வேண்டாம் சாமி. கேட்டால் நான்தான் ஒட்டினேன் என்று சொல்வது. முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் பூபதி? ஒரு சோப்புத் துண்டுக்காக அவன் வாழ்க்கை போய்விட்டால் இந்தப் பெருமையை எடுத்து எங்கே வைப்பது, பரணிலா?

உள்ளே அந்த அம்மா குழாயை மூடினாள். இறுக்கித் திருகுகிற சத்தம். அப்படித் திருகக் கூடாது, அந்தக் குழாய்க்கு ஒரு பக்குவம் உண்டு, முழுக்க இறுக்கிவிட்டு ஒரு மயிரளவு திரும்ப விட வேண்டும், இல்லாவிட்டால் சொட்டும். வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? சொட்டியது. சொட். தரையில். பெயிண்ட் டப்பா பரணில் இருக்கிறது. சொட். ஒவ்வொரு சொட்டும் இவள் உச்சந்தலையில் விழுந்தது. ராத்திரி முழுக்க விட்டால் அரை வாளி, அரை வாளி இருந்தால் கால்மிதி ரெண்டு அலசலாம். சொட். உள்ளே ஓடிப்போய்க் கையை நீட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது. அந்த அம்மா ஏன் இன்னும் வெளியே வரவில்லை? கழுவி முடித்தாயிற்று, தண்ணீரும் நின்றாயிற்று, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? சோப்பைத்தான் பார்க்கிறாள், புருஷனிடம் சொல்ல வார்த்தை தேடுகிறாள். சொட். சொட். அப்புறம் ஏதோ பிளாஸ்டிக் தரையில் இழுபடுகிற சத்தம். அடுத்த சொட்டு வேறு மாதிரி விழுந்தது. டொப். துளசிமணி மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். டொப். தரைச் சத்தம் இல்லை அது, வாளிச் சத்தம். முப்பத்தோரு வருஷம் கேட்டுப் பழகின காது, பொய் சொல்லாது. மூலையில் கிடந்த வாளியை யாரோ குழாய்க்கு அடியில் இழுத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஓர் ஆள்தான்.

தாழ்ப்பாள் திறந்தது. கிருஷ்ணவேணி கூடத்துக்குப் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"குழாய் சொட்டுதுங்க. வாளியத் தள்ளி வெச்சிருக்கறேன். அடியில எப்பவும் ஏதாச்சும் வெச்சிருப்பீங்களாட்ட இருக்குது, வட்டமாத் தடம் இருக்குதே?"

துளசிமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்பறம் அந்தச் சோப்பு..."

"நான்தானுங்க ஒட்டுனேன்" என்றாள் துளசிமணி. கேட்பதற்கு முந்தியே வந்துவிட்டது, குரலும் கொஞ்சம் சத்தமாகவே.

"அது தெரியுதுங்க. கழண்டு கையோட வந்துருச்சு. முதுகுல ஒட்டுனா நிக்காதுங்க. பேர் எழுதியிருக்கற பக்கம் குழியா இருக்குது பாருங்க, அதுக்குள்ள வெச்சு அமுக்கோணும். நான் அமுக்கி வெச்சிருக்கறேன். பொழுது சாஞ்சு பாருங்க, நீங்களே பிரிச்சாலும் பிரியாது."

முதலில் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின இடத்திலேயே சுருக்கென்று ஒன்று குத்தியது. யாருக்குப் பாடம்? லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கும் சோப்பு ஒட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்கா?

"எனக்குத் தெரியாதுங்களா? குழிக்குள்ளதான் வெப்பேன். இன்னைக்குத் தூக்கக் கலக்கத்துல கை மாத்தி வெச்சுப்போட்டனுங்க."

கிருஷ்ணவேணி வாய்விட்டுச் சிரித்தாள். "எம் பொண்ணு நேத்தே சொல்லிப்போட்டாளுங்க. ‘அம்மா, அவங்க வீட்டுக்குப் போயி குழாயத் திருகறது, லைட்ட நிறுத்தறதெல்லாம் பண்ணிராத, மானம் போயிரும்’னு. நானும் முதல்ல குழாயத் தாராளமாத் தொறந்துதான் வுட்டேன். மனசு கேக்குலீங்க."

துளசிமணி கூடத்துப் பக்கம் திரும்பினாள். "பூபதி! ஏணியப் போட்டுப் பரண் மேல இருக்கற சாக்க எறக்கு சாமி."

அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. "அம்மா..."

"எறக்கு."

இறக்கினான். சாக்கின் வாயை அவிழ்த்தவள் துளசிமணிதான், கயிற்றைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள், கயிறு எதற்காவது ஆகும். கிருஷ்ணவேணி கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள், ஜவுளிக் கடையில் புடவை பார்க்கிற நிதானத்தோடு. கால்மிதியைப் புரட்டிப் பின்னலைப் பார்த்தாள், முடிச்சு எங்கே போட்டிருக்கிறது என்று விரலால் தேடினாள், கிடைக்கவில்லை. துளசிமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கிடைக்காது, அது அப்படிப் போட்ட முடிச்சு. கூடத்திலிருந்து ஆண்கள் ரெண்டு பேரும் எழுந்து வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடியிலிருந்து தாள் கட்டு வந்தது. கிருஷ்ணவேணி ஒரு தாளை உருவினாள். தேதி, கிழமை, ராகுகாலம். திருப்பினாள். பென்சிலில் பொடிப் பொடியாக, ஓர் இடம் விடாமல், ஓரத்தில் மேலே ஏறி, மூலையில் வளைந்து, பள்ளிக்கூடத்துக் கணக்குகள். அடுத்த தாள். அதற்கடுத்தது.

"இது ஆருதுங்க?"

துளசிமணி பூபதியைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை அது. சுவருக்கு அந்தப் பக்கம் வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. பூபதி குனிந்து அந்தத் தாளை வாங்கினான். பார்த்தான். நேற்றுப் பார்க்காததை இன்றைக்குப் பார்த்தான், ரொம்ப நேரம்.

"என்னுதுங்க அத்தை" என்றான். "அம்மா தினம் ஒண்ணு கிழிச்சுக் குடுப்பாங்க. அது ரொம்பற வரைக்கும் போடோணும்." தாளின் ஓரத்தை விரலால் நீவினான். "எல்லாம் நான் போட்டதுங்க."

துளசிமணி காபி கலக்கத் திரும்பிக்கொண்டாள். கண்ணைப் புறங்கையால் ஒற்றிவிட்டுத் தட்டத்தைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. பாத்திரத்தைத் தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நல்ல சூடு. அடுப்பை அவள் மறுபடி பற்றவைக்கவில்லை.